தலைமை ஆசிரியரின் கையில் இருக்கும் அதிகாரம் எது?

பட்டதாரி ஆசிரியராக இருந்து, குடியாத்தம் பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பதவி உயர்வில் தலைமை ஆசிரியராகச் செல்லவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னுடன் பணியாற்றப்போகும் ஆசிரியர்களுக்கு நான் எவ்வாறு துணை நிற்க முடியும்? ஊதியத்தைக் கூட்டவோ, இடமாறுதல் தரவோ, காலிப் பணியிடத்தை நிரப்பவோ எனக்கு அதிகாரம் இல்லாதபோது, அவர்களை வலுப்படுத்துவது என்று சொல்வதற்கு என்ன பொருள்?”

கேள்வியின் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குவதே நேர்மையானது. நீங்கள் பட்டியலிட்டிருக்கும் அதிகாரங்கள் எவையும் உங்களிடம் இல்லை, இனியும் வரப்போவதில்லை. ஆனால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் இயக்குநருக்கும்கூட இல்லாத ஓர் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. ஓர் ஆசிரியரின் ஒரு நாள் எவ்வாறு கழிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள்தான். கால அட்டவணையில் கையொப்பமிடுவது, பாடவேளையின் நடுவே யாரை அலுவலகத்துக்கு அழைப்பது, விடுப்பில் சென்றவரின் வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது, எந்தச் சுற்றறிக்கையை யாருக்கு எப்போது சொல்வது ஆகிய அனைத்தும் உங்கள் மேசையிலிருந்தே புறப்படுகின்றன. ஆசிரியரை வலுப்படுத்துதல் என்பதில் பெரும்பகுதி அவருடைய நேரத்தைக் காப்பாற்றித் தருவதுதான் என்பது, பிரிக்கப்படாத பழைய வேலூர் மாவட்டத்தின் பள்ளிகளில் ஆசிரியர் பயிற்றுநராகச் சுற்றிவந்த காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. ஊக்க உரைகளும் பொன்னாடைகளும் அதற்குப் பிறகு வரலாம்; வராவிட்டாலும் குறையில்லை.

அரசுப் பள்ளியில் ஒரு சாதாரண நாளை எண்ணிப் பாருங்கள். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் நுழைந்து கரும்பலகையில் தேதி எழுதும்போதே, கல்வி உதவித்தொகைப் பட்டியல் உடனே வேண்டும் என்று ஆள் வரும். அதை முடித்தால் ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்கு, பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி, எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் இணையத் தளம்) பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இவற்றில் எதுவும் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். உதவித்தொகை தாமதமானால் இழப்பு குழந்தைக்குத்தான். ஆனால் இவை எல்லாம் பாடவேளையின் நடுவில், அதுவும் காலை நேரத்தில்தான் நடக்க வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. முதல் நான்கு பாடவேளைகளில் எந்த ஆசிரியரையும் வகுப்பிலிருந்து வெளியே அழைப்பதில்லை என்று முடிவெடுத்து, அதை அலுவலக உதவியாளர் முதல் உதவித் தலைமை ஆசிரியர் வரை அனைவருக்கும் தெரிவித்துவிடுங்கள். மாதத்தில் இரண்டு முறை இந்த விதி உடையும், அது பரவாயில்லை. விதி இருக்கிறது என்பதே ஆசிரியருக்கு ஒரு பிடிமானம்.

சட்டமும் இங்கே உங்கள் பக்கம்தான் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர, கல்வி சாராத வேறு எந்தப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியைக்கூட விடுமுறை நாள்களிலும் பாடம் நடத்தாத நேரத்திலும்தான் ஆசிரியர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கூறியிருக்கிறது. அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியரின் குறைந்தபட்சப் பணிநேரம் வாரத்துக்கு 45 மணி என்று குறிப்பிடும்போது, பாடத்துக்கு ஆயத்தமாகும் நேரத்தையும் அதற்குள் அடக்கியே சொல்கிறது. அதாவது, ஓய்வுப் பாடவேளை என்று நாம் அலட்சியமாகப் பெயரிட்டு அழைப்பது உண்மையில் ஓய்வே அல்ல. அது அடுத்த வகுப்புக்கான உழைப்பு. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு பணிக்கு ஆசிரியர்களைக் கேட்டுக் கடிதம் வரும்போது, மறுப்பதா அனுப்புவதா என்று தடுமாற வேண்டியதில்லை. அது மூன்று விதிவிலக்குகளுக்குள் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பணிவாகப் பதில் எழுதலாம். வந்தால், எந்த நேரத்தில் செய்வது என்பதைப் பற்றியாவது பேசலாம்.

கட்செவி அஞ்சல் (வாட்ஸ்அப்) குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மாவட்டத்திலிருந்து வரும் தகவலை ஒன்பது முப்பத்தொன்றுக்கு ஆசிரியர் குழுவில் தள்ளிவிட்டு, காலையில் “பார்க்கவில்லையா?” என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மேலிருந்து வரும் அவசரத்தை அப்படியே கீழே கடத்துவதற்குத் தலைமை ஆசிரியர் தேவையில்லை, கைப்பேசியே போதும். உங்கள் வேலை சலித்துத் தருவது. யாருக்குத் தொடர்புடையதோ அவருக்கு மட்டும், மறுநாள் காலையில், என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரியுடன் சொன்னால் போதும்.

பணிப் பகிர்வில் நிகழும் ஓர் அநீதி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்தப் பள்ளியிலும் சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்து தரும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கலைத் திருவிழா, அறிவியல் கண்காட்சி, தேர்வுப் பொறுப்பு, மாற்றுப் பாடவேளை எல்லாம் அவர்கள் தலையிலேயே விழும். பொறுப்பை வாங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஐந்தாண்டுகளில் அந்த இரண்டு மூன்று பேரும் சோர்ந்து, கலந்தாய்வில் இடமாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதைத் தடுக்க, யார் எத்தனை மாற்றுப் பாடவேளை எடுத்தார், யாரிடம் எத்தனை கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்ற கணக்கை ஆசிரியர் அறையில் அனைவரும் பார்க்கும்படி ஒட்டிவையுங்கள். கண்டிக்கும் வேலையில் பாதியை அந்தத் தாளே செய்துவிடும்.

இனி, பலரும் துணை நிற்றல் என்ற தலைப்பின்கீழ்க் கருதாத, ஆனால் ஆசிரியரின் மனத்தில் முதலிடம் பெறும் ஒன்றைச் சொல்கிறேன். அது பணிப்பதிவேடு, அதாவது ஓர் ஆசிரியரின் பணி விவரங்களைப் பதிந்துவைக்கும் ஏடு. உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்ற முறையில் ஊதியம் பெற்று வழங்கும் அலுவலர் நீங்கள்தான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று அவரவர்க்குரிய காலாண்டில் வர வேண்டிய ஆண்டு ஊதிய உயர்வு, புதிதாகச் சேர்ந்தவரின் பணிவரன்முறை (நியமனத்தை முறைப்படுத்துதல்), தகுதிகாண் பருவம் முடித்தமைக்கான ஆணை, பத்தாண்டு நிறைவில் தேர்வுநிலை, இருபதாண்டு நிறைவில் சிறப்புநிலை என்னும் உயர் ஊதிய நிலைகள், ஈட்டிய விடுப்புக் கணக்கு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கருத்துருவாகவோ (ஒப்புதல் கோரும் முன்மொழிவு) பதிவாகவோ உங்கள் அலுவலகத்திலிருந்து நகர வேண்டும். இந்தத் தாள் மூன்று மாதம் ஓர் அலமாரியில் கிடந்தால், அந்த ஆசிரியர் அரைநாள் விடுப்பு எடுத்து அலுவலக வாசலில் நிற்பார். வகுப்பில் இருக்கும்போதும் மனம் அங்கேதான் இருக்கும். பொறுப்பேற்ற முதல் மாதத்தில், இளநிலை உதவியாளரை அருகில் வைத்துக்கொண்டு எல்லாருடைய பணிப்பதிவேட்டையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, யாருக்கு எது நிலுவை என்று ஒரே தாளில் எழுதிவிடுங்கள். கேட்காமலேயே, “உங்கள் தேர்வுநிலைக் கருத்துரு இந்த வாரம் அனுப்பப்படுகிறது” என்று ஓர் ஆசிரியரிடம் சொல்லும் தலைமை ஆசிரியருக்கு, பிறகு அந்த ஆசிரியரின் வகுப்பைப் பற்றிக் குறை சொல்லவும் உரிமை கிடைத்துவிடுகிறது.

குறை சொல்வதற்கும் முறை உண்டு என்பதால், வகுப்பறை உற்றுநோக்கலைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நம் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்தால், ஒன்று தணிக்கை, அல்லது வேறு யாரையோ தேடி வந்திருக்கிறார் என்றுதான் பொருள். பின்வரிசையில் அமர்ந்து, பாடக்குறிப்பேட்டை வாங்கிப் புரட்டி, பதிவேட்டில் “கற்றல் துணைக்கருவிகளைப் பயன்படுத்தலாம்” என்று எழுதிக் கையொப்பம் வாங்கிச் செல்வதால் எந்த ஆசிரியரும் மேம்பட்டதாக நான் கண்டதில்லை. இதற்கு மாறாக, முந்தைய நாளே ஆசிரியரிடம் சென்று, “நாளை உங்கள் எட்டாம் வகுப்புக்கு வருகிறேன், நான் எதைக் கவனித்தால் உங்களுக்குப் பயன்படும்?” என்று கேளுங்கள். முதல் முறை பெரும்பாலும் பதில் வராது. இரண்டாம் முறை, “கடைசி இரண்டு வரிசைப் பிள்ளைகள் உண்மையில் எழுதுகிறார்களா என்று பாருங்கள், ஐயா” என்பது போல ஒரு சிறு கேள்வி வரும். அதை மட்டுமே கவனியுங்கள். கண்டதை அன்று மாலைக்குள், தனியாக, பத்து நிமிடத்தில் சொல்லுங்கள். எத்தனை பேர் எழுதினார்கள், எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள் என்று கண்டதைச் சொன்னால், அதற்கான தீர்வை ஆசிரியரே எடுப்பார். தீர்வையும் நீங்களே கொடுத்துவிட்டால், அது உங்கள் பாடமாகிவிடும்.

இதைவிட வலிமையானது, உங்கள் வகுப்புக்கு அவர்களை அழைப்பது. தலைமை ஆசிரியரான பிறகு பாடம் நடத்துவதைக் கைவிடாதீர்கள். வாரத்தில் சில பாடவேளைகளாவது ஒரு வகுப்பை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு, அதில் ஒன்றைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி இளைய ஆசிரியர் ஒருவரையே கேளுங்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியான் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் பள்ளித் தலைமை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர்களின் கற்றலோடு மிக அதிகத் தொடர்புடையதாகக் காணப்பட்ட தலைமைச் செயல்பாடு, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவிப்பதோடு நில்லாமல் அதில் தாமும் உடன் அமர்ந்து பங்கேற்பது என்று கண்டார்கள். பயிற்சிக்கு ஆசிரியர்களை அனுப்பிவிட்டுத் தாம் அலுவலகத்தில் அமர்ந்துவிடும் தலைமை ஆசிரியர் இந்த முடிவைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

சப்பான் நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பாட ஆய்வு முறையும் இங்கே நினைவுகூரத்தக்கது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்களை உற்றுநோக்கி, பிறகு கூடிப் பேசித் திருத்துவார்கள். நம் உயர்நிலைப் பள்ளிகளில் இதற்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. பல பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான் இருப்பார். கணித ஆசிரியர் கணிதத்தைப் பற்றிப் பேச அந்தக் கட்டடத்திலேயே வேறு ஆள் இல்லை. இந்தத் தனிமை ஆசிரியரை உள்ளுக்குள் அரிக்கக்கூடியது என்பது தலைமை ஆசிரியர்களுக்குக்கூட எளிதில் புலப்படுவதில்லை. குறுவள மையக் கூட்டங்கள் (அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் கூட்டங்கள்) இதற்காகவே ஏற்பட்டவை என்றாலும், அங்கே மேலிருந்து வந்த காணொலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே பல நேரங்களில் நடக்கிறது. பக்கத்துப் பள்ளிகளின் இரண்டு தலைமை ஆசிரியர்களுடன் நீங்களே பேசி, பருவத்துக்கு ஒருமுறை மூன்று கணித ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடி ஒரு பாடத்தைச் சேர்ந்து நடத்திப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அன்று அவர்களுடைய வகுப்புகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடை தேடித் தருவதே உங்கள் பங்கு.

வேலூர் மாவட்டத்துக்கே உரிய ஒரு வளமும் இருக்கிறது. பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் உண்டு. சித்தூர் எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும், லுங்கி நெய்யும் வீடுகளிலிருந்தும், தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் பேருந்து ஏறும் தாய்மாரின் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தத் தாய்மார்களால் வேலை நாளின் பகல் மூன்று மணிக்கு நடக்கும் கூட்டத்துக்கு வர இயலாது. வருவதில்லை என்று ஆசிரியர் அவர்களைக் குறைகூறுவதும், அழைப்பதில்லை என்று அவர்கள் ஆசிரியரைக் குறைகூறுவதும் கூட்டத்தின் நேரத்தை மாற்றினாலே பாதி தீர்ந்துவிடும். உங்கள் ஆசிரியர்களில் யாருக்குத் தெலுங்கோ உருதோ தெரியும், யார் அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவர் என்று கேட்டு அறிந்து, அந்த அறிவைப் பள்ளியின் சொத்தாக மதியுங்கள். ஓர் இடைநிலை ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தாயிடம் உருதில் ஐந்து நிமிடம் பேசுவது, நாம் அச்சடித்து அனுப்பும் அழைப்பிதழைவிடப் பயனுள்ளது.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு என்ற அழுத்தம் உங்களை வந்து சேராமல் இராது. மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைக்கப்பட்ட தலைமை ஆசிரியர், அதே வெப்பத்துடன் பள்ளிக்குத் திரும்பி, ஆசிரியர் கூட்டத்தில் பாடவாரியாக விழுக்காட்டை வாசித்து ஒருவரை எழுந்து நிற்கச் சொல்வதுதான் வழக்கமான தொடர்ச்சி. அவமானப்பட்ட ஆசிரியர் அடுத்த நாள் மெல்லக் கற்கும் மாணவர்களை நிற்க வைக்கிறார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். விழுக்காட்டைப் பொதுவில் வாசிக்க வேண்டாம். அந்த ஆசிரியருடன் தனியே அமர்ந்து, தேறாத பத்து மாணவர்களின் விடைத்தாள்களை விரித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் தவறியதாக நாம் நினைத்தவர்களுள் பலர் ஆறாம் வகுப்புப் பின்னங்களிலேயே தவறியிருப்பார்கள். அப்போது அது ஒருவரின் குற்றமாக இல்லாமல், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நடத்தும் அனைவரின் கேள்வியாகிவிடும். காலை, மாலை, சனிக்கிழமை என்று சிறப்பு வகுப்புகளைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன், எதைக் கற்பிக்கப்போகிறோம் என்பதாவது தெரியும்.

பெற்றோரின் புகார் வரும்போதுதான் ஆசிரியர்கள் தலைமை ஆசிரியரை எடைபோடுகிறார்கள். வாசலில் நான்கு பேர் சத்தமிடும்போது ஆசிரியரை அழைத்து அவர்கள் முன்னால் கேள்வி கேட்காதீர்கள். புகாரை முழுவதும் நீங்களே கேட்டு எழுதிக்கொண்டு, விசாரித்துச் சொல்ல ஒரு நாள் அவகாசம் வாங்கி, ஆசிரியரைத் தனியாகக் கேளுங்கள். ஆனால் இங்கே ஓர் எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. அங்கே துணை நிற்றல் என்பது மூடி மறைப்பது அல்ல. பாலியல் அத்துமீறல் பற்றிய தகவல் என்றால், பள்ளிக்குள் சமாதானம் பேசவோ நாமே விசாரணை நடத்தி உண்மை கண்டறியவோ இடமே இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்கத் தவறுவதே தண்டனைக்குரிய குற்றம். தம் ஆசிரியரைக் காப்பதாக எண்ணி இதில் தாமதிக்கும் தலைமை ஆசிரியர், நேர்மையாகப் பணியாற்றும் மற்ற ஆசிரியர்கள் அனைவரையும் ஊரின் ஐயத்துக்கு ஆளாக்குகிறார்.

பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் வந்திருக்கும் தற்காலிக ஆசிரியர்களையும், பகுதிநேர ஆசிரியர்களையும் மறந்துவிடக் கூடாது. ஆசிரியர் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலியும் பேசும் உரிமையும் வேண்டும். ஊதியம் மாதம் தவறாமல் கிடைக்கிறதா என்று நீங்களே கேட்க வேண்டும். அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்களில் பணியாற்றும் நண்பர் யாரேனும் இதைப் படித்தால் அவருக்கு ஒன்று சொல்வேன்: மலைப்பாதையில் பேருந்து தவறியதால் பதினைந்து நிமிடம் தாமதித்த ஆசிரியரின் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் கோடிடுவதற்கு முன், பேருந்து நேரத்துக்கு ஏற்ப முதல் பாடவேளையை யாரிடம் கொடுப்பது என்று கால அட்டவணையைத் திருத்திப் பாருங்கள். கழிப்பறை, குடிநீர், மே மாத வெயிலுக்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்க வேண்டிய மின்விசிறி ஆகியவற்றைப் பற்றி நான் விரித்து எழுத வேண்டியதில்லை. பெண் ஆசிரியர்கள் மிகுதியாக உள்ள பள்ளியில் இவை முதல் வாரத்து வேலை.

கடைசியாக, இப்போது ஆசிரியர் அறைகளில் அதிகம் பேசப்படும் அச்சம் ஒன்று. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ள, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறாத ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் அதில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி அத்தீர்ப்பில் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டதால், இப்பகுதியின் சிறுபான்மையினர் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் குழப்பம் இன்னும் கூடுதல். இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவரை மீண்டும் தேர்வெழுதச் சொல்வது நியாயமா என்று சங்கங்கள் வாதிடட்டும். உங்கள் பள்ளியில் அந்த நிலையில் உள்ளவர்கள் யார் என்று அறிந்து, அவர்களுக்குப் படிக்க நேரம் தருவது உங்களால் இயன்றது. அத்தேர்வின் இரண்டாம் தாளில் தமிழாசிரியர் ஒருவர் கணிதம்-அறிவியல் பகுதியையோ சமூக அறிவியலையோ தேர்ந்தெடுத்து 60 மதிப்பெண்ணுக்கு விடையளிக்க வேண்டியிருக்கிறது. தம் கல்லூரிக் காலத்துக்கு முன்பே விட்டுவந்த பாடம் அது. உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் வாரம் ஒரு மாலை அவருடன் அமரச் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். தேர்வு முடியும்வரை இருவருக்கும் கூடுதல் பொறுப்பு எதையும் கொடுக்காமல், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அவர்களுக்கு ஒதுக்கிக் கால அட்டவணையைப் போடுங்கள்.